தம்புச் செட்டித் தெருவில் திறந்து கிடந்த கதவு

சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணி இருக்கும். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். சீனாவிலிருந்து கதவுப் பூட்டு, கீல், தாழ்ப்பாள் எல்லாம் இறக்குமதி செய்து பாரிமுனையில் மொத்த வியாபாரம் செய்கிறவர். பதினாறு ஆண்டுப் பழக்கம். எப்போதும் "டிபன் ஆயிற்றா?" என்று ஆரம்பிப்பவர் அன்று நேராக விஷயத்துக்கு வந்தார்.

"சார், என்னுடைய இன்வாய்ஸ் எதிர்க்கடைக்காரர் செல்போனில் இருக்கிறது. அவரே எடுத்துக் காட்டிச் சிரிக்கிறார். உங்களைத் தவிர வேறு யாருக்கும் அந்தக் காகிதத்தை நான் கொடுக்கவில்லை."

எங்களுடையது கஸ்டம்ஸ் கிளியரிங் அலுவலகம்; இறக்குமதியாளர்களின் சரக்குக்குச் சுங்கத்துறை அனுமதி வாங்கித் தருவது வேலை. தம்புச் செட்டித் தெருவில் முதல் மாடி, ஒன்பது பேர், இரண்டு ஏசி, அதில் ஒன்று ஓடும். ராஜாஜி சாலையில் இருக்கும் சுங்க இல்லத்துக்கு நடந்தே போய்விடலாம் என்பதற்காக என் அப்பா பிடித்த இடம். இந்தத் தொழிலில் இன்வாய்ஸ் என்றால் என்ன என்று வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். சரக்கை அனுப்பியவர் யார், எந்த ஊர், ஒரு தாழ்ப்பாள் என்ன விலை, எத்தனை ஆயிரம் வாங்கினார் என்பதெல்லாம் ஒரே தாளில் இருக்கும். பல ஆண்டு அலைந்து பிடித்த ஆலையும், பேரம் பேசிக் குறைத்த விலையும் அந்தத் தாளோடு சேர்ந்து கைமாறிவிடும்.

எங்கள் பக்கத்தில் தவறு இருக்காது என்றுதான் முதலில் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. முந்தின வாரம் ஓர் இரவு ஒன்பது மணிக்கு, சரக்கை எடுக்கப் போன லாரிக்காரரிடம், சரக்கைக் கொடுத்துவிடலாம் என்று சொல்லும் டெலிவரி ஆர்டரின் நகல் இல்லை. கண்டெய்னர் நிலையத்தில் ஒரு நாள் தாமதமானாலும் வாடகை ஏறும். எங்கள் அலுவலகத் தம்பி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், இடது கையாலேயே செல்போனை எடுத்து, கூகுள் டிரைவில் அந்தச் சரக்கின் கோப்புறையைத் திறந்து, பகிர்வதற்கான இணைப்பை நகலெடுத்து, போக்குவரத்துக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டான். லாரி கிளம்பியது. அவனை நானே மறுநாள் பாராட்டியிருக்கிறேன்.

அவன் அனுப்பியது டெலிவரி ஆர்டரை மட்டும் அல்ல என்பதை நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை. கோப்புறைக்கு இணைப்பு கொடுத்தால் அதற்குள் இருக்கும் அத்தனைக்கும் அதே அனுமதி இறங்கிவிடும். உள்ளே இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், வாடிக்கையாளரின் பான் அட்டை, ஆதார் நகல், வங்கிக் கடிதம் எல்லாம் வரிசையாக இருந்தன. அனுமதி "இணைப்பு வைத்திருக்கும் எவரும்" என்றிருந்தது. அதாவது கடவுச்சொல் வேண்டாம், கூகுள் கணக்கு வேண்டாம், யார் பார்த்தார்கள் என்று எங்களுக்குப் பெயரும் தெரியாது. அந்தக் குழுவில் அறுபது பேருக்கு மேல் இருந்தார்கள். அவர்களில் சிலர் எதிர்க்கடைக்காரருக்கும் லாரி ஓட்டுகிறவர்கள்.

யாரும் எங்களை உடைத்து உள்ளே வரவில்லை. கதவைத் திறந்து வைத்து, வழியையும் எழுதிக் கொடுத்து, விளக்கையும் போட்டு வைத்திருந்தோம். அந்த வாடிக்கையாளர் இன்றும் எங்களோடுதான் இருக்கிறார், ஆனால் "டிபன் ஆயிற்றா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டார்.

எப்படி இந்த நிலைக்கு வந்தோம் என்பதற்குக் கொஞ்சம் பழைய கதை வேண்டும். சுங்கத்துறை விதிப்படி கிளியரிங் ஏஜென்ட் தன் பதிவேடுகளைக் குறைந்தது ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். காகிதக் காலத்தில் எங்கள் பழைய கட்டுகளை எல்லாம் ஜாஃபர்கான்பேட்டையில் உறவினர் வீட்டின் தரைத்தளத்தில் அடுக்கியிருந்தோம். 2015 டிசம்பர் முதல் தேதி இரவு அடையாறு ஏறி வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தால், கட்டுகள் ஊறி ஒன்றோடொன்று ஒட்டி, அட்டைப் பெட்டிகள் கூழாகியிருந்தன. ஒரு வாரம் மொட்டை மாடியில் தாள் தாளாகப் பிரித்து, காற்றில் பறக்காமல் செங்கல் வைத்துக் காயப்போட்டோம். பாதி தேறவில்லை. அன்று தீர்மானித்தேன், இனி எல்லாம் கிளவுடில்தான், அதாவது இணையச் சேமிப்பில்தான் என்று. அந்தத் தீர்மானத்தை இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. ஜாஃபர்கான்பேட்டைத் தரைத்தளத்தைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

பிறகு 2018இல் இ-சன்சித் என்ற சுங்கத்துறையின் இணைய முறை வந்து, துணை ஆவணங்களை எல்லாம் ஸ்கேன் செய்து ஏற்றுவது கட்டாயமானது. 2020இல் ஊரடங்கு. அதே ஆண்டு ஜூன் 8ஆம் தேதி, அதிகாரியின் முகம் பார்க்காமல் நடக்கும் மதிப்பீட்டு முறையை முதலில் தொடங்கியது பெங்களூரிலும் சென்னையிலும்தான். சுங்க இல்லத்துப் படிக்கட்டில் கட்டைத் தூக்கிக்கொண்டு ஏறிய காலம் அதோடு முடிந்தது. வேலை முழுவதும் திரைக்குள் போய்விட்டது. ஆனால் நாங்கள் அந்த வீட்டுக்குக் குடிபோன விதம் இருக்கிறதே, அது அவசரக் குடித்தனம். ஊரடங்கில் ஒவ்வொருவரும் அவரவர் வீட்டிலிருந்து, அவரவர் சொந்த ஜிமெயிலில் கோப்புறைகளைத் தொடங்கினோம். அலுவலகப் பெயரில் கூகுள் வொர்க்ஸ்பேஸ் என்ற நிறுவனக் கணக்கு வாங்கியது பிற்பாடுதான். வாங்கிய பிறகும் பழைய கோப்புறைகள் பழைய இடத்திலேயே கிடந்தன. ஓடுகிற வண்டியை யார் நிறுத்துவது?

தாழ்ப்பாள்காரரின் தொலைபேசிக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, கணக்கு பார்க்கும் அக்காவும் நானும் அலுவலகத்தில் உட்கார்ந்தோம். ஞாயிறன்று தம்புச் செட்டித் தெரு வேறு ஊர் போல இருக்கும். காளிகாம்பாள் கோயில் பக்கம் மட்டும் பூக்கடை, ஆள் நடமாட்டம். ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்து, பகிர்வுப் பெட்டியைச் சொடுக்கி, "எவரும்" என்று இருப்பதை எல்லாம் "கட்டுப்படுத்தப்பட்டது" என்று மாற்றினோம். கோப்புறையின் மேல் ஆள் உருவம் இருந்தால் அது வேறு யாருக்கோ பகிரப்பட்டிருக்கிறது என்று பொருள். பகல் இரண்டு மணிக்கு, சரவணபவன் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே அக்கா சொன்னார்: "சார், ஆள் படம் இல்லாத கோப்புறை ஒன்றாவது இருக்கிறதா என்று தேடுவதுதான் சுலபம்." 2021இல் ஒரு முறை, ஒரே ஒரு நாளைக்காகக் கொடுத்த இணைப்புகள் உயிரோடு இருந்தன. இணைப்பு தானாகச் சாகாது. காகித நகலாவது மங்கும், கிழியும், பஜ்ஜி மடிக்கப் போகும். இது அப்படியே கிடக்கும்.

இப்போது எங்கள் வழக்கம் வேறு. வெளியாளுக்கு ஒரு கோப்பு வேண்டுமென்றால் அந்த ஒரு கோப்பை மட்டும், அவருடைய மின்னஞ்சல் பெயருக்கு, பார்க்க மட்டும் என்று கொடுக்கிறோம். அதற்கு முடிவு தேதியும் போடலாம். லாரிக்காரருக்கு என்றே தனிக் கோப்புறை ஒன்று; அதில் டெலிவரி ஆர்டர், வண்டி எண் தவிர வேறொன்றும் வராது. நிர்வாகி பக்கத்தில், புதிதாகத் தொடங்கும் எதுவும் இயல்பாகவே பூட்டியிருக்கும்படி ஒரு அமைப்பு உண்டு. அதை முதல் நாளே போட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவிலும் இதே மாதிரி இணைப்புக்கு ஆயுள் வைக்கலாம். 1996இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி 2009இல் பெயர் மாறிய நம் ஊர் ஸோஹோவின் வொர்க்டிரைவிலும் வெளி இணைப்புக்குக் கடவுச்சொல்லும் முடிவு தேதியும் போடலாம். எந்தக் கடையில் வாங்குவது என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். எந்தக் கடையானாலும் பூட்டு உண்டு. பூட்டுவது நம் வேலை.

அந்த ஞாயிறு நாங்கள் கண்டுபிடித்த இன்னொன்று எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. எங்களிடம் மூன்று ஆண்டு வேலை பார்த்துவிட்டுத் துபாய்க்குப் போன பையனின் சொந்த ஜிமெயிலில்தான் இரண்டு பெரிய இறக்குமதியாளர்களின் கோப்புறைகள் இருந்தன. நாங்கள் எல்லோரும் தினமும் அவற்றைத் திறந்து வேலை செய்துகொண்டிருந்தோம். உரிமையாளர் என்ற இடத்தில் அவன் பெயர். அவன் நல்ல பையன், அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அவன் ஒரு நாள் தன் கணக்கைச் சுத்தம் செய்ய நினைத்து அழித்திருந்தால், எங்களுடைய ஐந்து ஆண்டுப் பதிவேடும் அதோடு போயிருக்கும். அழிக்கக்கூட வேண்டாம், இரண்டு ஆண்டு தொடாமல் விட்டாலே கூகுள் சொந்தக் கணக்குகளை நீக்கலாம் என்ற விதி 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. துபாயில் அவனுக்கு வேறு மின்னஞ்சல், வேறு வாழ்க்கை.

அவனைக் கூப்பிட்டேன். "அண்ணா, அது இன்னும் என் கணக்கிலா இருக்கிறது?" என்று அவனும் அதிர்ந்தான். ஒரு மாலை முழுவதும் அவன் அங்கிருந்து, நாங்கள் இங்கிருந்து, நகல் எடுத்து அலுவலகத்தின் பகிரப்பட்ட டிரைவில் போட்டோம். பகிரப்பட்ட டிரைவில் இருக்கும் கோப்புகள் நிறுவனத்துக்குச் சொந்தம். ஆள் போனாலும் கோப்பு போகாது. "என் டிரைவ்" என்பதில் இருப்பவை அந்தந்த ஆளுக்குச் சொந்தம். இந்த ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு நான்கு ஆண்டுகள் ஆயின.

வேலையை விட்டுப் போகிறவரின் அலுவலகக் கணக்கை அவசரப்பட்டு அழிப்பதும் ஆபத்துதான். கூகுளில் அழித்த கணக்கை 20 நாளுக்குள் மீட்கலாம், அதற்குப் பிறகு முடியாது. குப்பைத் தொட்டியில் போட்ட கோப்பு 30 நாள் இருக்கும். அதன் பிறகு நிர்வாகி மட்டும் இன்னும் 25 நாளுக்குள் மீட்கலாம். மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவிலும் ஷேர்பாயின்டிலும் 93 நாள். இந்த எண்களைக் கணக்கு பார்க்கும் அக்கா ஒரு அட்டையில் எழுதி, முருகன் படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கிறார். முதலில் கணக்கை முடக்கு, கோப்புகளின் உரிமையை மாற்று, பிறகு மாதம் ஒன்று பொறுத்து அழி. இதுதான் எங்கள் வரிசை.

கடவுச்சொல் விஷயத்தில் எங்கள் சரித்திரம் சிரிப்புக்கிடமானது. 90 நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்று யாரோ சொல்லக் கேட்டு, நானும் கண்டிப்பாக இருந்தேன். மாற்றினார்கள். சென்னையின் பெயர், ஒரு குறியீடு, ஆண்டு. ஆண்டு மாறினால் கடைசி எண் மாறும். ஒன்பது பேரில் நான்கு பேருக்கு அதே வாய்பாடு. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், இந்த அடிக்கடி மாற்றும் பழக்கத்தை 2017இலேயே கைவிடச் சொல்லிவிட்டது. களவுபோனதற்கு அடையாளம் இருந்தால் மாற்றினால் போதும். 2003இல் அந்தப் பழைய வழிகாட்டியை எழுதிய பில் பர் என்பவரே அதற்காக வருத்தம் தெரிவித்தார். அவர் வருந்திய பிறகும் எங்கள் தெருவில் பல அலுவலகங்களில் அது சட்டம் போல நடக்கிறது. அதைவிடப் பெரிய தொல்லை, ஒரே கடவுச்சொல்லைப் பல இடத்தில் வைப்பது. டிராப்பாக்ஸில் 2012இல் நடந்தது அதுதான்: வேறொரு தளத்திலிருந்து திருடுபோன கடவுச்சொல்லையே அங்கே வேலை பார்த்த ஒருவர் அலுவலகத்திலும் வைத்திருந்தார். அந்த வழியில் போனவை 6.8 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளின் விவரங்கள் என்று 2016இல்தான் முழுதாகத் தெரிந்தது. கோப்புகளைக் காப்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கே இந்தக் கதி.

இரண்டடுக்குச் சரிபார்ப்பை நாங்கள் பெருமையாகப் போட்டோம். என் செல்போனுக்கு ஓடிபி வரும்படி. அலுவலகத்தின் முக்கியக் கணக்கை நாலு பேர் பயன்படுத்த, நாலு பேருக்கும் எண்ணை நான் வாயால் சொல்வேன். ஒரு வெள்ளிக்கிழமை நான் திருமலையில் வரிசையில் நிற்கிறேன். செல்போன் கீழே ஒப்படைக்கும் கூடத்தில். தரிசனம் முடிந்து ஆறு மணி நேரம் கழித்து வாங்கிப் பார்த்தால், பதினேழு தவறிய அழைப்புகள், ஐந்து ஓடிபி. அத்தனையும் காலாவதி. அங்கே ஒரு சரக்கின் ஆவணத்தை ஏற்ற முடியாமல் பிள்ளைகள் கையைப் பிசைந்துகொண்டிருந்திருக்கிறார்கள். பெருமாள் காப்பாற்றினார் என்று சொல்ல ஆசை. உண்மையில் காப்பாற்றியது மறுநாள் கட்டிய தாமதக் கட்டணம்.

ஒரு கணக்கை நாலு பேர் பகிர்ந்துகொள்வதுதான் நோய், ஓடிபி அதன் அறிகுறி. இப்போது ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு. ஒவ்வொருவர் செல்போனிலும் 30 நொடிக்கு ஒரு முறை எண் மாறும் செயலி. அதற்கு எஸ்எம்எஸ் வேண்டாம், சிக்னல் கூட வேண்டாம். நிர்வாகி கணக்குக்கு மட்டும் யூஎஸ்பியில் செருகும் பாதுகாப்புச் சாவி இரண்டு. ஒன்று என்னிடம், ஒன்று இரும்புப் பெட்டியில். செல்போன் தொலைந்தால் உள்ளே போக உதவும் அவசரக் குறியீடுகளை அச்சடித்து, உறையில் போட்டு ஒட்டி, அதே இரும்புப் பெட்டியில் அப்பாவின் பழைய லைசென்ஸோடு வைத்திருக்கிறேன். நிர்வாகி கணக்கில் அன்றாட மின்னஞ்சல் பார்ப்பதில்லை. மாதம் ஒரு முறை திறப்பதோடு சரி.

எங்கள் தெருவிலேயே இன்னொரு அலுவலகம். பெயர் வேண்டாம், அவர்கள் பட்டது போதும். கப்பல் கட்டணம் செலுத்துவதற்கான வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று அவர்களுடைய வாடிக்கையாளருக்கு ஒரு மின்னஞ்சல் போயிருக்கிறது. நடை அவர்களுடையது, கையெழுத்துப் பகுதி அவர்களுடையது, சரக்கின் எண்ணும் தொகையும் சரி. வாடிக்கையாளர் பணத்தை அனுப்பிவிட்டார். பிறகு அந்த அலுவலகத்துக்காரர் என்னைக் கூப்பிட, நானும் எங்கள் தம்பியும் போய்ப் பார்த்தோம். மின்னஞ்சல் அமைப்புகளின் அடியில், யாரும் போகாத ஒரு மூலையில், இரண்டு விதிகள் இருந்தன. இன்வாய்ஸ், பேமென்ட் என்ற சொற்கள் வரும் எல்லா அஞ்சலையும் வெளியே ஒரு முகவரிக்கு அனுப்பு. அந்தக் குறிப்பிட்ட வாடிக்கையாளரிடமிருந்து வரும் பதில்களைப் படித்ததாகக் குறித்து, ஆவணக் கோப்புறைக்குள் தள்ளு. யாரோ ஒருவர் கடவுச்சொல்லைப் பிடித்து ஒரு முறை உள்ளே வந்து, இந்த இரண்டு வரியை எழுதிவிட்டு, வாரக்கணக்கில் பேசாமல் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்திருக்கிறார். பிறகு அனுப்பிய அஞ்சல் வந்தது அவர்கள் முகவரியிலிருந்தே அல்ல. ஆங்கிலத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டி எழுதினால் எம் போலத் தெரியும் அல்லவா, அப்படி ஒரு போலி முகவரி. திரையில் கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் தெரியாது.

இணையப் பண மோசடியைப் புகார் செய்யும் 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்லியிருந்தால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு இருந்திருக்கும். அவர்கள் முதல் இரண்டு நாளை "யார் தவறு" என்று சண்டை போடுவதில் கழித்தார்கள். அன்று மாலையே எங்கள் ஒன்பது பேரின் மின்னஞ்சலிலும் அந்த மூலையைத் திறந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. வெளியே தானாக அனுப்புவதையே நிர்வாகி பக்கத்தில் நிறுத்திவிட்டேன். வங்கிக் கணக்கு மாற்றம் என்று எந்த அஞ்சல் வந்தாலும், நம்மிடம் முன்பே இருக்கும் எண்ணுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அந்த அஞ்சலில் இருக்கும் எண்ணுக்கு அல்ல. இது கணினி வேலையே இல்லை, நம் அப்பாக்கள் செய்ததுதான்.

கூடவே ஒன்றைப் பார்த்தேன். பிடிஎஃப் ஒட்டும் செயலி, ஸ்கேன் செய்யும் செயலி, காலண்டர் செயலி என்று எங்கள் பிள்ளைகள் "கூகுள் மூலம் உள்நுழைக" என்ற பொத்தானை அழுத்தி அனுமதித்தவை ஒரு பெரிய பட்டியல். அவற்றில் ஒன்று, டிரைவில் உள்ள எல்லாக் கோப்புகளையும் பார்க்க, திருத்த, அழிக்க அனுமதி வாங்கியிருந்தது. இரண்டு பிடிஎஃபை ஒட்டித் தருவதற்கு! கடவுச்சொல்லை மாற்றினாலும் அந்த அனுமதி தானாகப் போய்விடாது. போய் எடுக்க வேண்டும்.

கணினியில் இருப்பதையே கிளவுடிலும் தானாக வைக்கும் ஒத்திசைவும் காப்பு நகலும் ஒன்று என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அலுவலகக் கணினியில் ஒரு கோப்பு கெட்டால், அல்லது பணம் கேட்டுப் பூட்டும் வைரஸ் அதைப் பூட்டினால், ஒத்திசைவு அந்தக் கெட்ட கோப்பையே பத்திரமாக மேலே ஏற்றிவிடும். பழைய பதிப்புகளை மீட்கலாம், ஆனால் ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கு அதைச் செய்வது எளிதல்ல. வாரம் ஒரு முறை எல்லாவற்றையும் ஒரு வெளி வட்டில் எடுத்து, கணினியிலிருந்து கழற்றி, என் மயிலாப்பூர் வீட்டு இரண்டாம் மாடியில் வைக்கிறேன். ஜாஃபர்கான்பேட்டை தந்த பாடத்தில், மாடி மட்டும் மாறியிருக்கிறது.

சட்டம் பற்றி யாராவது கேட்டால் சுருக்கமாகச் சொல்வேன். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு வைக்காதவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவு, இணையத் தாக்குதல் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் அறிவிக்கச் சொல்கிறது; சிறு நிறுவனங்களுக்கு அந்த ஆண்டு செப்டம்பர் 25 வரை அவகாசம் தந்தார்கள், அது முடிந்து வெகுகாலம் ஆகிறது. 250 கோடியை ஒற்றை ஏசி ஓடும் அலுவலகத்திடம் யார் கேட்கப் போகிறார்கள் என்று நண்பர்கள் சிரிப்பார்கள். எனக்கு அபராதத்தைவிட அந்த ஆதார் நகல்கள்தான் உறுத்துகின்றன. நூற்றுக்கணக்கானவர்கள் என்னை நம்பிக் கொடுத்தவை. வாடிக்கையாளர் யார் என்று சரிபார்க்க வேண்டியது எங்கள் கடமை. சரிபார்த்த பிறகு அதைப் பத்து இடத்தில் பரப்பி வைக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. இப்போது முதல் எட்டு எண்களை மறைத்த நகலையே கேட்டு வாங்குகிறோம்.

தொழில்நுட்பம் எல்லாம் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளக்கூடியது. எனக்குக் கஷ்டமாக இருந்தது வேறு. எங்கள் அலுவலகங்களில் நம்பிக்கையையும் அனுமதியையும் ஒன்றாகக் குழைத்து வைத்திருக்கிறோம். ஒருவரிடமிருந்து அனுமதியை எடுத்தால் "என்மேல் சந்தேகமா?" என்று முகம் வாடுகிறது. அதற்குப் பயந்தே எடுக்காமல் விடுகிறோம். ஆடிட்டர் அலுவலகத்துப் பையனுக்கு ஒரு முறை கொடுத்த கடவுச்சொல் அப்படியே இருக்கும். கேட்டால் மரியாதைக் குறைவு. தாழ்ப்பாள்காரரின் இன்வாய்ஸ் போனதற்குப் பின்னால் இருந்ததும் இந்தத் தாராளம்தான்.

சென்ற மார்ச் மாதம் எங்கள் பெரியவர் ஓய்வு பெற்றார். அப்பா காலத்தில் சேர்ந்தவர், 31 ஆண்டு. என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். அலுவலகச் சாவிகள் எல்லாம் அவர் பொறுப்பு. யாரிடம் எந்த பீரோவின் சாவி, எந்தத் தேதியில் கொடுத்தார், எப்போது திரும்பியது என்று நீல அட்டை போட்ட நோட்டு ஒன்றில் எழுதி வைப்பார். என் அப்பாவே ஒரு முறை கையெழுத்துப் போடாமல் சாவி கேட்டு வாங்கமுடியாமல் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். கடைசி நாளன்று சால்வை, கேசரி, காபி எல்லாம் முடிந்த பிறகு, அவருடைய அலுவலகக் கணக்கை முடக்க வேண்டியிருந்தது. எப்படிச் சொல்வது என்று நான் ஒரு வாரமாகத் தவித்தேன். அவர் நீல நோட்டை என் மேஜையில் வைத்து, கடைசி வரியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "தம்பி, கம்ப்யூட்டர் சாவியை யார் வாங்கிக்கொள்வது?" என்றார். அவர் முன்னாலேயே முடக்கினேன். திரையில் தன் பெயருக்குப் பக்கத்தில் "முடக்கப்பட்டது" என்று வந்ததைப் படித்துவிட்டுத் தலையாட்டினார்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குத் தாம்பரத்திலிருந்து கூப்பிட்டார். "தம்பி, நேற்று பேரன் என் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் சொந்த ஜிமெயிலில் நம் கோப்பெல்லாம் இன்னும் தெரிகிறது. ஊரடங்கில் சேர்த்தீர்களே, அதுவாக இருக்கும். எடுத்துவிடுங்கள். வீட்டில் குழந்தைகள் எதையாவது அழுத்திவிடுவார்கள்."

அந்த ஞாயிறு அக்காவும் நானும் இணைப்புகளைத்தான் பார்த்தோம். பெயர் பெயராகச் சேர்த்தவர்களைப் பார்க்கவில்லை. உடனே 2020ஆம் ஆண்டின் தலைக் கோப்புறையைத் திறந்தேன். திருத்தும் அனுமதியோடு பதினான்கு சொந்த முகவரிகள். பெரியவருடையதை எடுத்தேன். துபாய்ப் பையன் அங்கேயும் இருந்தான், எடுத்தேன். இரண்டு ஆண்டுக்கு முன் திருமணமாகிப் போன பெண், ஒரு மாதம் மட்டும் வந்த பயிற்சியாளர், யாரென்றே நினைவுக்கு வராத ஒருவர். பட்டியலின் கடைசியில் ஒரு முகவரியைப் பார்த்து யாரிது என்று சத்தமாகவே கேட்டேன். அக்கா தன் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "சார், அது நீங்கள்தான்" என்றார். ரயில் டிக்கெட் எடுக்க மட்டும் நான் எப்போதாவது திறக்கும் பழைய கணக்கு. அதன் கடவுச்சொல் என் முதல் ஸ்கூட்டரின் பதிவெண்.